ஆமைக்காக அயல்நாடு சென்றவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி

தேரடிவாசி, திருவொற்றியூர்

இங்கே எழுதுபவர்களில் பலர் ஆமைக் கரைகளில் இரவு விழித்தவர்கள் என்பதால், சிவப்பு விளக்கு எதற்கு, கூடு எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்காமல் நேரே சொல்லத் தொடங்குகிறேன். கிரேக்க நாட்டின் கிப்பாரிசியா வளைகுடாவில் ஆர்க்கெலான் அமைப்பின் முகாமில் ஆறு வாரம் இருந்தேன். 1983 முதல் பெருந்தலை ஆமைகளுக்காக உழைக்கும் அமைப்பு அது. தன்னார்வலர்கள் கட்டணமும் செலுத்திக் கூடாரத்தில் தங்கி, விடியும் முன் எழுந்து மணலில் நடக்க வேண்டும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, முந்தைய இரவு பொரித்திருந்த ஒரு கூட்டின் அருகே போய் நின்றேன். குஞ்சுகளின் தடங்கள் விசிறி விரித்ததைப் போலக் கடலை நோக்கிப் போயிருக்க வேண்டும். அவை அத்தனையும் ஒரே பக்கமாக வளைந்து, கரைக்குப் பின்னால் இருந்த சாலையை நோக்கிப் போயிருந்தன. அங்கே ஓர் உணவகத்தின் வாசலில் வெள்ளை விளக்கு ஒன்று அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. இரவில் கடலின் மேல்வானம்தான் வெளிச்சமாக இருக்கும் என்று நம்பிப் பிறக்கிற உயிர் அது. அதைவிட வெளிச்சமான ஒன்று கண்ணில் பட்டால் அதையே கடல் என்று எண்ணிவிடும். தடங்களைத் தொடர்ந்து போனேன். புல்லுக்குள் சில குஞ்சுகள் காய்ந்து கிடந்தன. நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் சக்கரத்தடியில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அது அந்த நேரத்திலும் விளக்கை நோக்கித்தான் துடுப்பை இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் குழுத்தலைவி அதை ஈர மணலில் விடச் சொன்னாள். அலைக்குள் கொண்டுபோய் விடக் கூடாது, தானே நடந்து போக வேண்டும் என்பது அவர்களுடைய விதி. விட்டேன். அது நின்றது, திரும்பியது, மறுபடியும் விளக்கின் பக்கமே நடந்தது. நான் குந்தி உட்கார்ந்து, என் உடம்பால் அந்த விளக்கை மறைத்துக்கொண்டேன். நெடுநேரம் கழித்துத்தான் அது கடலின் பக்கம் தலையைத் திருப்பியது.

ஊர் திரும்பிய பிறகு எண்ணூர் விரைவுச் சாலையில் பேருந்தில் போகும்போதெல்லாம், கரையோரத்து விளக்குகளை என்னையறியாமல் எண்ணிக்கொண்டு வருகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதேனும் ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

ஆசிரியை, ராயபுரம்

என்னுடையது இலங்கை. தென்மேற்குக் கரையில் ஒரு பொரிப்பகத்தில் இரண்டு வாரம் தன்னார்வலராக இருந்தேன். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. இரவில் முட்டை எடுப்பவர்களிடம் விலை கொடுத்து முட்டைகளை வாங்கி மணலில் புதைத்துப் பொரிக்க வைக்கிறார்கள். அது இல்லையென்றால் முட்டைகள் சந்தைக்குப் போகும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பொரித்த குஞ்சுகளை அன்றிரவே விடாமல் சிமென்ட் தொட்டியில் நாட்கணக்கில் வைத்திருந்து, வருகிற சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.

ஒரு பிற்பகல், பயணி ஒருவரின் உள்ளங்கையில் ஒரு குஞ்சை எடுத்து வைக்குமாறு என்னிடம் சொன்னார்கள். வைத்தேன். அவர் புகைப்படம் எடுத்து முடிக்கும் வரையில் அந்தக் குஞ்சு ஒரு நொடியும் நிறுத்தாமல் காற்றிலேயே நீந்திக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் எஞ்சிய மஞ்சள் கருவின் பலத்தில், முதல் ஒரு நாள் இடைவிடாமல் நீந்திக் கரையோரத்து மீன்களையும் பறவைகளையும் கடந்துவிடுவதற்காகக் கிடைத்த வேகம் அது. அதை அந்தக் குஞ்சு என் கண் முன்னால் ஒரு மனிதரின் விரல்களுக்கு நடுவே செலவழித்துக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதுதான் இன்று வரை என்னை அரிக்கிறது.

கிளம்புவதற்கு முன் அதே நாட்டின் ரெக்காவா கரைக்குப் போனேன். அங்கே முட்டையை இடம் மாற்றாமல் தாய் இட்ட குழியிலேயே விட்டுக் காவல் காக்கிறார்கள். பேராமை (பச்சைக் கடலாமை) ஒன்று குழி தோண்டும் ஓசையைக் கேட்டபடி, எவரும் எதையும் தொடாத ஓர் இரவைக் கழித்தேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம் ரெக்காவாவைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வூதியர், தண்டையார்பேட்டை

கோஸ்டாரிகாவின் டோர்டுகுவேரோவில் மகனோடு சென்று பத்து நாள் பணி செய்தேன். 1959 முதல் பேராமைகளைக் கணக்கெடுத்துவரும் கரை அது. கருமணலில், கருப்பு உடையில், மழையில் நடந்தோம். முட்டையிட்டுக்கொண்டிருந்த ஆமையின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அது உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் என்று படித்திருந்தும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆசிரியை அம்மாவின் பதிவைப் படித்த பிறகு, இனிப் போகப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பொரித்த குஞ்சுகள் எத்தனை மணி நேரத்தில் கடலுக்குப் போகின்றன என்பதே; ‘அன்றிரவே’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அடுத்து, முட்டைகளை ஏன் இடம் மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். நாய், நரி, கடலரிப்பு, திருட்டு ஆகியவை சரியான காரணங்கள். பார்வையாளர் வசதி சரியான காரணம் ஆகாது. மணலின் வெப்பத்தை அளந்து எழுதுகிறார்களா, கோடையில் நிழல் போடுகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டித்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது, அதற்கு மேல் சூடு ஏற ஏறப் பெண்களே பிறக்கும். ஆகவே வெயிலில் கிடக்கும் பொரிப்பகம் நல்ல எண்ணத்தோடே அந்த இனத்துக்குத் தீங்கு செய்துவிடக்கூடும். மலேசியாவின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் அளவில் கூடு வைத்த தோணி ஆமைகள் (தோல்முதுகு ஆமைகள்) இன்று ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டன என்பதை நினைவில் வையுங்கள். பல ஆண்டுகள் முட்டைகளைத் தின்றும் விற்றும் தீர்த்த பிறகு பொரிப்பகம் வைத்தும் மீட்க முடியவில்லை. கடைசியாக, மூட்டுவலி உள்ளவர்கள் மணல் நடையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இங்கேயே கடற்கரையில் ஒரு மாதம் நடந்து பழகிவிட்டுப் புறப்படுங்கள்.

பழகுவதற்கு இடம் தேட வேண்டியதும் இல்லை. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் 1988 முதல் தை, மாசி, பங்குனி இரவுகளில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காத்து வருகிறார்கள். நம் வடசென்னையிலோ துறைமுகம் கட்டிய நாள் தொட்டு மணலெல்லாம் தெற்கே மெரினாவில் சேர, இங்கே கடல் அரித்து, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்தான் மிச்சம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்த பிறகும், விசைப்படகுக்காரர்களைக் கேள்வி கேட்காமல் கிரேக்கத்துக்கும் கோஸ்டாரிகாவுக்கும் போய் வருவதில் என்ன பயன் என்று, என்னையும் சேர்த்தே, கேட்க விரும்புகிறேன்.

செவிலி, நெட்டுக்குப்பம்

ஐயா கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. என் அப்பா சிறுபடகில் வலை விடுபவர். நான் ஓமனில் மருத்துவமனை வேலையில் இருந்தபோது, விடுமுறை நாட்களில் மசீரா தீவில் கைவிடப்பட்ட வலைகளை அகற்றும் பணிக்குப் போயிருந்தேன். பெருந்தலை ஆமைகள் உலகிலேயே மிக அதிகமாகக் கூடு வைக்கும் கரைகளில் ஒன்று அது.

மணலில் பாதி புதைந்திருந்த ஒரு வலைச் சுருளை எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தோம். அதற்குள் ஓர் ஆமையின் ஓடும் எலும்புகளும் இருந்தன. மற்றவர்கள் ஆமையைப் பார்த்தார்கள். என் கண் வலையின் மீதே நின்றது, ஏனென்றால் கிழிந்த கண்ணிகளை யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பொத்தியிருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பா வலை பொத்துவதைப் பார்த்துக்கொண்டே பாடம் படித்தவள் நான். கடலில் வலையைத் தொலைத்த அந்த மனிதர் அன்று எவ்வளவு நட்டத்தோடு வீடு திரும்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த எலும்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மீது கோபப்பட முயன்றேன், முடியவில்லை.

விசைப்படகு வீட்டுப் பிள்ளை, காசிமேடு

தண்டையார்பேட்டை ஐயா, விசைப்படகுக்காரர்களைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா விசைப்படகுக்காரர்; ஆகவே கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. இழுவலையில் ஆமை சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் சாகிறது என்பதை நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் எவரும் ஆமைக்காக வலை இழுப்பதில்லை. அது மடியில் (வலையின் கடைசியில் மீன் சேரும் பையில்) வந்தால் வலை கிழியும், மீன் நசுங்கும், அன்றைய பாடு கெடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அது மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்தது. ஆமை கரைக்கு வருவதோ தையிலிருந்து பங்குனி வரை, தடை தொடங்குவதோ சித்திரையில். அந்த மூன்று மாதமும் படகுகள் கடலில்தான் இருக்கும். கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காக நான் வாதாடவில்லை. வலையின் கழுத்தில் சாய்வாகக் கம்பிச் சட்டம் பொருத்தி ஆமையை மட்டும் வெளியே தள்ளிவிடும் கருவியைக் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்பச் செய்திருக்கிறது. அந்த வழியாக மீனும் போய்விடும் என்ற அச்சம் எங்கள் துறைமுகத்தில் இன்னும் இருக்கிறது. அந்தக் கருவியோடு ஒரு பருவம் இழுத்துக் காட்டி, போன மீன் எவ்வளவு என்று எங்கள் முன்னாலேயே எடை போடுங்கள் என்பதுதான் எங்கள் ஆட்கள் கேட்பது.

இனி என் கதை. மலேசியாவில் படித்தபோது, திரங்கானு பல்கலைக்கழகத்தார் 1993 முதல் நடத்திவரும் ரெடாங் தீவின் சாகர் ஹூத்தாங் கரையில் ஒரு வாரம் பணி செய்தேன். ஓர் இரவு, பேராமை மேலேறுவதற்காகக் காத்திருந்தபோது, எங்களுக்குப் பொறுப்பாக இருந்த முதியவர் (பாக் சிக் என்றுதான் அவரை அழைப்போம்) என் அப்பாவின் தொழிலைக் கேட்டார். மீன்பிடி என்றேன். எந்த வலை என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்தேன். அவர் வற்புறுத்தவில்லை. தான் இளமையில் ஆமை முட்டை எடுத்து விற்றவர் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் அது செத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்று அவரே சொன்னார். நீருக்குள் போராடிப் போராடி மூச்சு அடங்கி மயங்கிக் கிடக்கும். வயிறு தரையில் படும்படி நேராகக் கிடத்தி, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, ஈரத் துணி போர்த்தி, நிழலில் விட்டுவிட வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். சில மணி நேரத்திலும் எழலாம், ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். மயங்கிய ஆமையை அப்படியே கடலில் போட்டால் அது மூழ்கித்தான் சாகும்.

எனக்குப் பத்து வயதில் முதன்முறையாக அப்பாவோடு கடலுக்குப் போனது அப்போது நினைவுக்கு வந்தது. மடியை அவிழ்த்ததும் மீன் குவியலுக்கு நடுவே ஒரு பங்குனி ஆமை கிடந்தது. அசைவில்லை. அப்பா தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு பேரோடு சேர்ந்து அதைத் தூக்கி, ‘போய்ட்டு வா தாயே’ என்று சொல்லிக் கடலில் விட்டார். அந்தச் செய்கை எவ்வளவு மரியாதையாக இருந்தது என்பதை இருபது ஆண்டுகளாக நான் பெருமையோடு சொல்லிவந்திருக்கிறேன். விட்ட இடத்தில் அது தலைகீழாக மெல்ல இறங்கியதும் என் கண்ணில் இருக்கிறது. துடுப்பு ஒருமுறை மடங்கி விரிந்தது. அலை அசைத்ததென்று அன்று நினைத்தேன்.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லலாமா கூடாதா என்று பல வாரங்கள் தயங்கினேன். 2025 ஜனவரியில் எங்கள் கரையில் ஆமைகள் ஒதுங்கத் தொடங்கியபோது, ஒரு மாலை வலைக்கூடத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பழைய ஆமையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவருக்கு அது தானாகவே நினைவு வந்துவிட்டது என்பதை அவர் முகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நெடுநேரம் கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கேட்டார்: ‘ஒரு நாள் பூரா படகுல வெச்சிருக்கணும்ன்றியே, நடுவுல ரோந்துக் கப்பல் வந்து ஏறிப் பாத்தா, இத காப்பாத்தத்தான் வெச்சிருக்கோம்னு சொன்னா எவன்டா நம்புவான்?’

1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, வைத்திருப்பதே குற்றம். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வனத்துறையிலோ மீன்வளத்துறையிலோ இதற்கு எழுத்து வடிவில் அனுமதி வாங்க வழி அறிந்தவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த தைக்கு முன் அந்தத் தாளை அவர் கையில் கொடுக்க வேண்டும்.