அப்டேட்: பொண்ணோட அரசு ஆரம்பப் பள்ளி விஷயம்

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, ரெண்டாங்கிளாஸ் பொண்ணு பாடத்த கடகடன்னு ஒப்பிக்கிறா ஆனா நடுவுல ஒரு வார்த்தைய தொட்டுக் காட்டினா முதல் வரியிலேருந்து ஆரம்பிச்சாதான் வருதுன்னு, அப்புறம் டீச்சர நேர்ல பாத்தேன். சண்டை போடத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கு. பாத்தா பாவம், ஒரே ரூம்ல ரெண்டு கிளாஸ், ஒரு பக்கம் கணக்க போட விட்டுட்டு இன்னொரு பக்கம் வாசிக்க வைக்கிறாங்க. இப்ப தினமும் 10 நிமிஷம் எழுத்து அட்டைய கலைச்சுப் போட்டு இவள தனியா படிக்க வைக்கிறாங்க. நேத்து மருந்து டப்பா மேல இருந்தத எழுத்துக்கூட்டிப் படிச்சா!! டீச்சர் மேல கோவமே போச்சு.

ஆனா ஸ்கூல் பாத்ரூம் தாழ்ப்பாள் போட முடியாம இன்னும் அதே கதிதான், மூணு தடவ சொல்லியாச்சு, இவ உள்ள போனா ஃப்ரெண்ட் வெளிய கதவ பிடிச்சுக்கிட்டு நிக்குது. அடுத்த மீட்டிங்ல எல்லா பேரன்ட்ஸும் சேர்ந்து எழுதிக் குடுக்கப்போறோம்.