மறு: "இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்" – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

இங்கிலாந்தின் பழைய நில விசாரணையான "இன்க்விசிஷன் போஸ்ட் மார்ட்டம்" என்பதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை வந்த பரிந்துரைகளுக்கு ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> போஸ்ட் மார்ட்டம் என்றால் பிரேதப் பரிசோதனை. "பிரேதப் பரிசோதனை விசாரணை" என்றே வைத்துவிடலாம்.

வேண்டாம் ஐயா. இதில் யாரும் பிணத்தைத் தொடவில்லை, எப்படிச் செத்தார் என்ற கேள்வியே கிடையாது. இங்கிலாந்து அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்று அனுபவித்தவர் இறந்ததும், அவருக்கு நிலம் இருந்த ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க்காரர்களை ஜூரியாக உட்காரவைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள். என்னென்ன நிலம், யாரிடமிருந்து பெற்றது, பதிலுக்கு என்ன சேவை, ஆண்டு வருமானம் எவ்வளவு, எந்த நாளில் இறந்தார், அடுத்த வாரிசு யார், வயது என்ன? எல்லாம் காசு சம்பந்தப்பட்டது. வாரிசு சிறுபிள்ளை என்றால் நிலமும் பிள்ளையும் அரசன் கைக்கு வரும். வாரிசே இல்லையென்றால் நிலம் அவனுக்கே திரும்பிவிடும். 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்த வழக்கத்துக்கு 1660இல் அந்த நிலமுறையை ஒழித்த சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது.

> "மரண விசாரணை" – சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் இலங்கையில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. திடீர் மரண விசாரணை அதிகாரி என்று அங்கே ஒரு பதவியே உண்டு. பழைய குழப்பத்தைத் தீர்க்கப் போய்ப் புதிதாக ஒன்றை இழுத்துவிட வேண்டாம்.

> "வாரிசு விசாரணை" போதும். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு விஏஓ விசாரிப்பது போலத்தானே?

இதுதான் கிட்ட வருகிறது. நானும் முதலில் இதைத்தான் எழுதிவைத்திருந்தேன். குளோஸ்டர் ஏர்ல் (பிரபு) கில்பர்ட் டி கிளேரின் வம்சாவளியைத் துருவியபோது மனம் மாறியது.

கில்பர்ட் 1314 ஜூன் 24 அன்று ஸ்காட்லாந்தில், பானக்பர்ன் போரில் மாண்டார். வயது 23. பிள்ளை இல்லை. எலினோர், மார்கரெட், எலிசபெத் என்று மூன்று சகோதரிகள். ஆனால் அவருடைய விதவை மாட் என்பவர், தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னார். பத்து மாதம் போனது, ஒரு வருஷம் போனது, அதற்குப் பிறகும் கர்ப்பம் என்றே பேச்சு. பங்கு பிரிக்க 1317 ஆகிவிட்டது!

இதற்கு நடுவே பெயர்க் குழப்பம் வேறு. சில ஜூரிகள் எலிசபெத்தை "இசபெல்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கில்பர்ட்டின் அப்பாவுக்கு மூத்த தாரத்தில் நிஜமாகவே இசபெல் என்றொரு மகள் இருந்தாள். இங்கிலாந்துச் சட்டப்படி மூத்தாள் மகள் இளையாள் மகனுக்கு வாரிசாக முடியாது. அதோடு 1290இல் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்தபோது, பெண் எட்வர்ட் அரசரின் மகள் ஜோன் என்பதால், சொத்தை ஜோன் வயிற்றுப் பிள்ளைகளுக்கே என்று எழுதி வாங்கியிருந்தார்கள். ஆக, ஒரு பெயர் பிசகினால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கு என்பதே கேள்வியாகிவிடும்.

"வாரிசு யார்" என்று மட்டும் கேட்டால் இங்கே விடை கிடைக்காது. எந்த நிலம், எந்த ஏற்பாட்டின்படி வந்தது என்று கேட்ட பிறகுதான் வாரிசு பிடிபடுகிறார். ஒரே மனிதரின் இரண்டு நிலங்களுக்கு வெவ்வேறு வாரிசுகள் வருவதும் உண்டு. தமிழ்ப் பெயரில் "நிலம்" என்ற சொல் இல்லாவிட்டால் படிப்பவர் ஏமாந்துபோவார்.

என் பரிந்துரை: மறைந்தார் நில விசாரணை. விசாரணையைத் தொடங்கிவைக்கும் அரச ஆணையின் லத்தீன் பெயரே "இறுதி நாளை முடித்தான்" என்ற பொருளில்தான் இருக்கிறது. "மறைந்தார்" அந்தத் தொனிக்குப் பொருந்தும். தயவுசெய்து "மறைநிலம்" என்று சுருக்காதீர்கள். வேதபாடசாலைக்கு எழுதிவைத்த மானியம் போல ஒலிக்கிறது.

கொசுறாக ஒன்று. இந்த ஆவணங்களின் அச்சுத் தொகுதிகளுக்கு "கேலண்டர்" என்று பெயர். நண்பர் "நாட்காட்டி" என்று போட்டிருந்தார். அது தேதி கிழிக்கிற காலண்டர் இல்லை. ஒவ்வோர் ஆவணத்தின் சாரத்தையும் வரிசையாகத் தருவது. நம்மிடம் "பொழிப்பு" இருக்கிறது, "பொழிப்புத் தொகுதி" எனலாம்.

வாரிசு வயதுக்கு வந்ததை நிறுவும் ஆவணத்துக்கு "அகவைச் சான்று" சரியே. படிக்கச் சுவையானதும் அதுதான். பிள்ளை பிறந்த நாள் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டால், "அன்றைக்குத்தான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்" என்பார் ஒருவர். இதே கால் ஊர் ஊராக ஒடிவதால் ஆய்வாளர்கள் அத்தனை சாட்சிகளையும் நம்புவதில்லை.

விசாரணையை நடத்தும் "எஸ்கீட்டர்" இன்னும் பாக்கி. நிலம் அரசனுக்கு மீள்வதைக் கவனிப்பவர் என்பதால் "மீள்நில அலுவலர்" என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தியில்லை. கல்வெட்டுத் தமிழ் தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.