புதுப்பிப்பு: பூம்பாறை அந்தி வெளிச்சப் படங்கள், வானம் வெளிறும் பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. சித்தப்பா ஊரில் இல்லாததால் அவருடைய கொடைக்கானல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் படம் எடுத்தால் வானம் வெளிறுகிறது, வானத்தைச் சரிசெய்தால் வயல் கருத்துப்போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது கூடலூர் அண்ணன் சொன்ன பிராக்கெட்டிங்தான், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்களாக எடுப்பது. கேமரா ட்ரைபாடில், ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) இரண்டையும் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒன்றுக்கொன்று நான்கு மடங்கு வெளிச்ச வித்தியாசம்) மூன்று படங்கள், கேமரா சுருக்காத ரா கோப்பாக. அப்புறம் கணினியில் மூன்றையும் ஒரே படமாகச் சேர்த்தேன். பூண்டுப் பாத்திகளின் விளிம்பில் ஒட்டிய மஞ்சள் வெளிச்சம்கூட அப்படியே கிடைத்திருக்கிறது! கூரைகளுக்கு மேல் எழுந்த அடுப்புப் புகை மட்டும் மூன்று படங்களிலும் இடம் மாறியிருந்தது. அந்தப் பகுதிக்கு நடுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பலர் சொன்ன ஜிஎன்டி ஃபில்டரையும் (மேல்பாதி மட்டும் கருமையாக இருக்கும், லென்ஸ் முன் வைக்கும் கண்ணாடி) போட்டுப் பார்த்தேன். கடலோரத்தில் தொடுவானம் நேர்கோடாக இருப்பதால் அது அருமையாகப் பொருந்தும். இங்கே மலைமுகட்டையும் சேர்த்துக் கருப்பாக்கிவிடுகிறது.

எதிர்பாராதவை இரண்டு. செயலி காட்டும் சூரிய மறைவு நேரத்தை நம்பாதீர்கள். மலை மறைப்பதால் வயலில் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. அடுத்து, குளிரில் இருந்த கேமராவை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் பையிலிருந்து எடுத்தால் லென்ஸில் ஈரம் படிகிறது. பையைக் கொஞ்ச நேரம் திறக்காமல் வைத்தாலே போதும்.