பெங்களூரில் ரோஜாவுக்குக் கவாத்து (கிளை வெட்டுதல்) எந்த மாதம்? வெட்டிய குச்சி ஏன் கருகி இறங்குகிறது?

ஹலசூரு_மாடி:
மொட்டை மாடியில் 14 அங்குலத் தொட்டிகளில் ஒட்டு ரோஜா எட்டு, பன்னீர் ரோஜா இரண்டு. கைப்பிடிச் சுவர்க் கம்பியில் ஒரு கொடி ரோஜா. ஆறு மணி நேர வெயில் உண்டு. டெல்லியில் இருக்கும் அண்ணி சொன்னபடி அக்டோபர் இரண்டாம் வாரம் மூன்று ஒட்டுச் செடிகளை மட்டும் கவாத்து செய்தேன். மூன்றிலும் வெட்டிய இடத்திலிருந்து குச்சி கருகிக் கீழே இறங்குகிறது. வெட்டாத ஒரு செடியில் அடியிலிருந்து நீளமாக ஒரு குச்சி வந்திருக்கிறது, மொட்டே இல்லை. பொங்கலுக்குப் பூ வேண்டும். மற்றதை எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

செம்மண்தொட்டி:
அண்ணி சொன்ன தேதி டெல்லிக்குச் சரி. அங்கே செப்டம்பர் கடைசியோடு மழை விலகிவிடும். அக்டோபர் நடுவில் வெட்டினால் கடுங்குளிருக்கு முன்பே தளிர் திரண்டு, நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ முதல் பூ வந்துவிடும். நம்ம ஊரில் செப்டம்பரும் அக்டோபரும்தான் நல்ல மழை. வெட்டுவாய் காய்வதற்குள் ஈரம் ஏறி, பூஞ்சாணம் உள்ளே போய்விடுகிறது. நுனிக்கருகல் அப்படித்தான் வரும்.

இங்கே ரோஜா முழுசாக உறங்குவதே இல்லை. அதனால் குளிரைப் பார்த்து இல்லை, மழையைப் பார்த்துத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். ஜூனில் லேசாக ஒரு தடவை, நவம்பர் பிற்பாதியில் மழை ஓய்ந்ததும் கொஞ்சம் அழுத்தமாக ஒரு தடவை. வெட்டிய நாளிலிருந்து பூ விரிய 45 முதல் 55 நாள் ஆகும், டிசம்பர் குளிரில் 55 பக்கம் போகும். பொங்கலுக்கு நவம்பர் 20-லிருந்து 25-க்குள் வெட்டுங்கள். ரகத்துக்கு ரகம் ஒரு வாரம் முன்னே பின்னே ஆவதால், பாதியை 20-லும் பாதியை 25-லும் வெட்டினால் நல்லது. லால்பாக் குடியரசு தின மலர்க் கண்காட்சி சமயத்தில் பூத்தால் போதும் என்பவர்கள் டிசம்பர் முதல் வாரம் வரை பொறுக்கலாம்.

அளவு: முதலில் காய்ந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, பென்சிலைவிட மெலிந்தது எல்லாம் போகட்டும். நல்ல குச்சி நாலைந்து நிற்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கணு. பெரிய பூ ரகங்களுக்கு மண்ணிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. உயரம் வரும். வீடியோ பார்த்துவிட்டு அரை அடிக்கு மொட்டையடிக்க வேண்டாம். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு 5 மி.மீ. மேலே, கணுவின் எதிர்ப்பக்கம் சரிகிற மாதிரி வெட்டுங்கள். அரை அங்குலம் விட்டால் அந்தக் கட்டை காய்ந்து கருகலுக்கு வழி விடும். ஒட்டி வெட்டினால் கணுவே காய்ந்துபோகும்.

கருகிய மூன்றையும் நவம்பர் கடைசி வரை விட்டுவைக்காதீர்கள், மழையில்லாத நாளாகப் பார்த்து உடனே வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுப்பகுதி வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருக்கிற இடத்தில் நிறுத்தலாம். தோல் பச்சையாகவே இருந்தாலும் நடுவில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு கணு கீழே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லித் தூளைத் தோசைமாவுப் பதத்தில் குழைத்து வெட்டுவாயில் தடவுங்கள். மஞ்சள் தூள் பூசினால் குற்றமில்லை, ஆனால் அடுத்த தூறலிலேயே கழுவிப்போகும். இந்த மூன்றும் பொங்கலுக்குப் பூக்கும் என்று நம்ப வேண்டாம், செடி தேறினால் போதும்.

முள்ளும்_மலரும்_இல்லை:
அந்த நீளக் குச்சி எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்கு (நல்ல ரகத்தை அடிச்செடியோடு ஒட்டிய இடத்துக்கு) கீழே என்றால் அது அடிச்செடியின் காட்டுக்குச்சி. விட்டால் மேலே இருக்கிற ரகத்தைப் பட்டினி போட்டுவிடும். கத்தரியால் வெட்டினால் அடியில் மிச்சமிருக்கும் கணுவிலிருந்து மறுபடி இரண்டாக வரும். தடித்த கையுறை போட்டு, கீழ்நோக்கி இழுத்து அடியோடு பிய்த்தெடுங்கள். ஒரே காம்பில் ஏழு சிற்றிலை இருந்தாலே காட்டுக்குச்சி என்று பலர் சொல்கிறார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு சிற்றிலை வரும்.

முடிச்சிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ வந்தால் அது பொக்கிஷம், தொடவே கூடாது. இரண்டடி வளர்ந்ததும் நுனியை மட்டும் கிள்ளுங்கள், பக்கக்கிளை விட்டு மொட்டு வைக்கும்.

ஹலசூரு_மாடி:
முடிச்சுக்குக் கீழேதான் வந்திருக்கிறது, பிய்த்துவிடுகிறேன். வெட்டிய அன்றே உரம் வைக்கலாமா? பன்னீரும் கொடியும் எப்படி?

செம்மண்தொட்டி:
அன்றைக்கு வேண்டாம். இலை குறைந்த செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். பழைய கணக்கில் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் தளிர் ஓர் அங்குலம் வரும். அப்போது தொட்டி மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, மண்புழு உரம் இரண்டு கை, வேப்பம்புண்ணாக்கு 50 கிராம், எலும்புத்தூள் 50 கிராம் கலந்து நிரப்புங்கள். உதிர்ந்த இலை ஒன்றுகூடத் தொட்டியில் கிடக்கக் கூடாது, கரும்புள்ளி நோய் அதிலிருந்துதான் புதுத் தளிருக்குத் தாவும்.

டிசம்பரில் சிவந்த தளிர் சுருண்டு வெள்ளைப் பொடி படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலம் தெளியுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் இலை கருகும்.

கம்மனஹள்ளி_கொடி:
பன்னீர் ரோஜா பெரும்பாலும் குச்சி நட்டு வந்த செடி. ஒட்டே கிடையாது, அடியிலிருந்து வருவதெல்லாம் பன்னீர்தான், பிய்த்துவிடாதீர்கள். பாதி உயரத்துக்குத் தைரியமாக வெட்டலாம், மூன்று வருடம் தாண்டிய முற்றின குச்சி ஒன்றிரண்டை அடியோடு எடுக்கலாம்.

கொடியை மற்றதோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். நீளக் கொடியின் பக்கக்கிளையில்தான் பூ வரும். நீளக் கொடிகளை அப்படியே விட்டு, பூத்து முடிந்த பக்கக்கிளையை மட்டும் இரண்டு மூன்று கணுவுக்குக் குறையுங்கள். கொடியைக் கம்பியில் படுக்கைவாட்டாகக் கட்டுங்கள். நிமிர்த்திக் கட்டினால் நுனியில் மட்டும் பூக்கும், சாய்த்துக் கட்டினால் கணுவுக்குக் கணு கிளை வெடிக்கும். கட்டுவதற்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும், இரும்புக் கம்பி தோலை அறுத்துவிடும்.