சைக்கோபயாடிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். குடல் நுண்ணுயிரிகளால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை அளிக்க முடியுமா என்று ஒரு மலருக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்படிப் பயன்படும் நுண்ணுயிரிகளைக் குறிக்கும் சைக்கோபயாடிக் என்பதற்கு ‘மனச்சோர்வு நீக்கி’, ‘மன அழுத்த நன்னுயிரி’ என்ற இரண்டில் எது பொருந்தும்?

மறுமொழி:

ஐயா, இரண்டும் வேண்டாம்.

முதலில் இலக்கணம். நல் + உயிரி என்பது நல்லாசிரியர், நல்லுறவு போல ‘நல்லுயிரி’ என்றுதான் புணரும். மன அழுத்தம் என்ற சொல்லையோ நாளிதழ்கள் நோய்க்கும் அன்றாட நெருக்கடிக்கும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. நோய்க்கு மனச்சோர்வு என்பதே தெளிவு.

‘நீக்கி’தான் எனக்குப் பெரிய உறுத்தல். நீக்குகிறது என்று இதுவரை யாரும் நிறுவவில்லையே! அயர்லாந்தின் கார்க் நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் டெட் டைனன், கேத்தரின் ஸ்டான்டன், ஜான் கிரையன் மூவரும் 2013இல் இச்சொல்லை முன்வைத்தபோது வரையறையைக் கறாராகவே வகுத்தார்கள். உயிருள்ளதாக இருக்க வேண்டும், போதிய அளவில் உட்கொள்ள வேண்டும், மனநோய் உள்ளவருக்கு நன்மை தர வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் பலவும் தடுக்கி விழுகின்றன.

லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற பாக்டீரியா வகையையே பாருங்கள். 2011இல் வெளியான ஆய்வில் அது சுண்டெலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்த விளைவு மறைந்தது. குடலிலிருந்து மூளைக்குச் செய்தி போகும் பாதை புலப்பட்டதில் எல்லோருக்கும் உற்சாகம். 2017இல் நலமான ஆண்கள் 29 பேரிடம் சோதித்தபோது மருந்தில்லா மாத்திரையை அது விஞ்சவில்லை.

நம்பிக்கையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். லண்டனில் நடந்து 2023இல் வெளியான சோதனையில், மனச்சோர்வு மருந்தால் முழுப்பயன் பெறாத 49 பேர் இருந்தார்கள். 8 வாரம் 14 வகை நுண்ணுயிரிகள் கலந்த தயாரிப்பை எடுத்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் அது சிறிய முன்னோட்டம். மருந்தை நிறுத்தவில்லை, மருந்தோடு சேர்த்தே கொடுத்தார்கள். ‘நீக்கி’ என்று அச்சிட்டால் மாத்திரையை விட்டுவிட்டுத் தயிர்ச் சட்டியைத் தேடும் வாசகர் ஒருவராவது இருப்பார். வீட்டுத் தயிரில் எந்த வகை, எவ்வளவு என்று யார் அளந்தார்கள்?

என் பரிந்துரை ‘உளநல நுண்ணுயிரி’. எந்தத் துறைக்குரியது என்று சொல்கிறது, குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

மறுமொழி:

‘உளநல நுண்ணுயிரி’ எனக்கும் உடன்பாடு. ஒரே ஐயம்: 2016இல் சிலர் வரையறையை விரித்து, நல்ல நுண்ணுயிரிகளுக்கு இரையாகும் நார்ப்பொருள்களையும் இதில் சேர்த்தார்கள். நாருக்கு உயிர் ஏது?

மறுமொழி:

அதற்காகப் பொதுச்சொல்லைத் தளர்த்த வேண்டாம், அம்மா. அவற்றை ‘உளநல நுண்ணுயிர் ஊட்டி’ என்று தனியே அழைக்கலாம். கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் சைக்கோபயாடிக் என்பதையும் உடன் எழுதிவிடுங்கள், ஐயா.