இசைவிழாவுக்குப் போக ஒரு வழி சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும் சொந்தங்களுக்கு வணக்கம். டர்பனில் நடக்கும் நற்செய்தி இசைவிழாவுக்குப் பழைய பாடகர்கள் சிலர் இம்முறை திரும்ப வருகிறார்களாம். கேட்டதிலிருந்து என் பெரியம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பாடிய ஜாயஸ் செலிப்ரேஷன் என்ற நற்செய்திப் பாடகர் குழு 1994இல் தொடங்கிய காலத்திலிருந்தே ரசிகை அவர். ஜூலு மொழி வரிகளுக்குப் பொருள் தெரியாது, ஆனால் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பகுதியை ஒரு சுரம் பிசகாமல் பாடிவிடுவார் (நம் சபைப் பாடகர் குழுவைவிட நன்றாகவே!).

முழங்கால் வலியால் அவரால் படியேற முடியாது. மேடை தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, சக்கர நாற்காலி நிறுத்த இடமுள்ள வரிசைக்கு டிக்கெட் எப்படி வாங்குவது? நிகழ்ச்சி முடிய இரவு வெகுநேரமாகும். அப்போது டாக்சியை நம்ப முடியாது. எந்தச் சபையிலிருந்தாவது வேன் போகிறதென்றால் எங்களுக்கு இரண்டு இடம் வேண்டும். பெட்ரோல் செலவில் எங்கள் பங்கைத் தந்துவிடுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் இங்கேயே எழுதுங்கள்.