10 டிகிரி சரிதான், 3,000 சுற்றில் எவ்வளவு?

என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டு எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் செய்த வண்டி. 1798 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர். பழைய வண்டிக்கு டைமிங் வைப்பது, அதாவது பொறி விழும் நேரத்தைச் சரிசெய்வது பற்றி இங்கே அடிக்கடி கேள்வி வருகிறது. என் வண்டியில் கண்டதைச் சொல்கிறேன்.

வாங்கும்போதே கீழ்வேகத்தில் இழுவை இல்லை. நெரிசலில் நின்றால் வெப்பமுள் ஏறிவிடும். முந்தைய உரிமையாளர் காட்டிய பட்டறை ரசீதில் டைமிங் சரிபார்த்ததாக எழுதியிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம், அதில் குறையில்லை. ஆனால் எஞ்சினை நிறுத்திவைத்துப் பார்த்தால் பொறி, பிஸ்டன் உச்சிக்கு வர 4 டிகிரி இருக்கும்போதுதான் விழுகிறது. இந்த எஞ்சினுக்கு 10 டிகிரி வேண்டும் என்கிறது கையேடு.

10க்குத் திருப்பி வைத்தேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஐட்லிங் சீரானது. மகிழ்ச்சி காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பக்கம் போகும்வரைதான். ஏ44 சாலையில் ஃபிஷ் ஹில் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போல நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும் சத்தம். இது 8.8:1 அமுக்க விகித எஞ்சின், நல்ல பெட்ரோல் கேட்கும். உயர் ஆக்டேன் ஊற்றியும் சத்தம் போகவில்லை.

அங்கேதான் பலரும் டைமிங்கைப் பின்னால் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. 10 டிகிரி என்பது தொடக்கம் மட்டுமே. சுற்று ஏற ஏற, கலவை எரிந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. அதனால் பொறி இன்னும் முன்னதாக விழ வேண்டும். அதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும். அவை மொத்தம் எவ்வளவு தள்ளுகின்றன என்று பார்க்காமல் டைமிங் வைத்ததாகச் சொல்லக் கூடாது.

பார்ப்பதும் கடினமில்லை. கிராங்க் புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 12ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கு உரிய தூரம் வரும். எஞ்சினை முன்னாலிருந்து பார்த்து, புல்லியில் பிஸ்டன் உச்சியைக் காட்டும் வெட்டுக்குறியிலிருந்து கடிகாரச் சுற்றில் அந்தத் தூரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் மெல்லிய கோடு போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் (உறிஞ்சு) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடியுங்கள். என் வண்டியின் வயதில், புல்லிக் குறியை ஒப்பிடும் அசையாத குறிமுள் எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. ஸ்டாண்டு மேல் நிறுத்திக் கீழே படுத்துதான் பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், சட்டைக் கை தொங்கக் கூடாது.

மனைவி ஆக்ஸிலேட்டரை மெல்ல அழுத்த, வெள்ளைக்கோடு குறிமுள்ளை நோக்கி நகர்ந்தது, தொட்டது, நிற்காமல் தாண்டிப் போனது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஏறக்குறைய 40 டிகிரி! இந்த எஞ்சினுக்கு 30ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பாயிண்ட் உட்காரும் தட்டை எடுத்தேன். உள்ளே கேம் பகுதியில் 15 என்று பொறித்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் 15 என்றால் கிராங்கில் 30. பத்தும் முப்பதும் நாற்பது. வேறேதோ வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ மாட்டியிருக்கிறார்கள். வெளித்தோற்றம் ஒன்றே, பொருந்தவும் பொருந்தும். நாக்கிங் வந்ததும் 4 டிகிரிக்கு இறக்கி மறைத்திருக்கிறார்கள். மேல்வேகத்தில் தப்பித்தது, கீழ்வேகத்தில் எஞ்சின் வெந்தது.

10 பொறித்த கேமுடன் புதுப்பித்த டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிய பிறகு அதே ஏற்றத்தில் சத்தமில்லை, வெப்பமுள் நடுவில் நிற்கிறது. ஆகவே பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

கோவையிலிருந்து ஒரு பதில்

வணக்கம் ஐயா. என்னிடம் பழைய அம்பாசிடர் இருக்கிறது. 1489 சிசி, உங்கள் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பிஎம்சி) பி சீரீஸ். எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. உள்ளே ஒரு ஸ்பிரிங் மெலிது, ஒன்று தடிமன். தடித்ததன் கொக்கி நீளமாக, தொளதொளவென்று இருக்கும். தேய்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு பட்டறையில் குறட்டால் நெருக்கி இறுக்கிவிட்டார்கள். அந்தத் தொய்வு வேண்டுமென்றே வைத்தது. தொடக்கத்தில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் தடுக்கும், எடைகள் சற்று விரிந்த பிறகே தடித்தது பிடிக்கும். இறுக்கியதால் அட்வான்ஸ், அதாவது பொறியை முன்னதாகத் தள்ளுவது, தாமதமாகி, நடுவேகத்தில் வண்டி சோர்ந்து போனது. வேறு ஸ்பிரிங் போட்டதும் சரியானது. ஒரு சந்தேகம்: வேக்குவம் குழாயை அடைத்தே வைத்திருக்கலாமா? சிலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

அவருக்கு என் பதில்

கொக்கி விஷயம் அருமை தம்பி, நான் எழுத விட்டுப்போனது அது. வேக்குவத்தை அடைக்காதீர்கள். பாதி மிதியில் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, மெதுவாக எரியும். அப்போது கூடுதல் அட்வான்ஸ் தருவது அதுதான். அடைத்தால் பெட்ரோல் செலவு கூடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, குழாயின் மறுமுனையை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். தட்டு திரும்பி அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் நன்றாக இருந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.